மூன்றாம் நாள் பார்வை

மேற்கு மண்டல விதைத் தானியப் பாதுகாப்பு வாரியத்தின் சின்னத்தில் ஒரு சோளக்கதிரும் அதைச் சுற்றி இரண்டு கைகளும் இருக்கும். கைகள் கதிரைக் காக்கின்றனவா, கழுத்தைப் பிடிக்கின்றனவா என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. வாரியத்தோடு ஒருமுறை பழகியவர்கள் தயங்காமல் சொல்வார்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கத்து லட்சுமியம்மாள் பழகினார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கோபப்படாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்ப்போம்.

லட்சுமியம்மாளுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம், நான்கு மாடுகள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் நம்ம ஊர்த் தமிழ். கோபம் வந்தால் மற்றவர்களுக்கு மரியாதை குறையும். அவருக்குக் கூடும். அவர் பேச்சில் 'ங்க' வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டால் எதிரில் நிற்பவர் ஓரடி தள்ளி நிற்பது நல்லது.

புரட்டாசி மழைக்கு அவர் இருங்குச் சோளம் என்கிற கறுப்புச் சோளம் விதைப்பார். தானியம் அவருக்குப் பெரிதில்லை, மாட்டுத் தீவனமாகிற தட்டுதான் முக்கியம். அறுத்துக் காயவைத்துப் போர் போட்ட சோளத்தட்டு இருந்தால் கோடை முழுக்க மாடுகள் பிழைத்துக்கொள்ளும். கடையில் விற்கிற விதை தண்ணீர் பாய்ச்சச் சொல்லும். இந்த இருங்குச் சோளம் வானத்தை மட்டும் நம்பி வரும். அதனால் வருஷா வருஷம் சொந்த விதையை எடுத்து வைப்பது அவர் வழக்கம். போன முறை வீட்டு டிரம்மில் வைத்த விதையில் வண்டு விழுந்து பாதி மாவாகிவிட்டது. முளைத்தது கொஞ்சம், தட்டு அதைவிடக் கொஞ்சம். பங்குனியில் ஐந்தாவது மாட்டை விற்க வேண்டியதாயிற்று. மாடு வண்டியில் ஏறிய அன்று அவர் சோறு தின்னவில்லை. இந்த வருஷமும் விதை போனால் மீதி நான்கும் வண்டி ஏறும். இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மாடுகளுக்கே தெரிந்திருக்கலாம்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் வாரியம் ஒலிபெருக்கியோடு ஊருக்குள் வந்தது. கல்யாண மண்டபத்தில் கூட்டம். வாரியத்தின் இயக்குநர் டாக்டர் நரசிம்மலு கோயமுத்தூர் தலைமையகத்திலிருந்து நேரில் வந்து பேசினார்.

"விவசாயி தன் வீட்டில் வைக்கும் விதை, வண்டுக்கு அவர் வைக்கும் விருந்து! இனி அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். விதையை எங்களிடம் ஒப்படையுங்கள். அந்த விருந்தை நாங்கள் முறைப்படி நடத்திக்கொள்கிறோம்!"

கைதட்டல் வரத் தாமதமானதால் அவரே முதலில் தட்டினார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பது பிற்பாடுதான் விளங்கியது. ஊரில் விதை வைத்திருந்த எல்லோரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். லட்சுமியம்மாளும் இரண்டு மூட்டை கொடுத்தார். பதிலுக்கு ஒரு ரசீதும், சின்னம் போட்ட ஒரு தொப்பியும் கிடைத்தன. தொப்பியை மாட்டுக் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்தார்.

வாரியத்தின் கிடங்கு மலைக்குப் போகிற சாலையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அதன் மேலாளர் டேவிட்சன். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். மேலே இருந்து யாராவது நினைத்தால் அதை அப்படியே நிறைவேற்றி வைப்பார், அவ்வளவுதான். காவலுக்குக் காளிச்சாமி. மூட்டை அடுக்குவது, மருந்து வைப்பது, அதிகாரிகளுக்கு இளநீர் சீவுவது எல்லாம் அவர்தான். இவற்றில் மூன்றாவது வேலைதான் அதிகம்.

வைகாசியில் லட்சுமியம்மாள் விதையைப் பார்க்கப் போனார். மூட்டையில் காதை வைத்தார். உள்ளே யாரோ பொரி தின்பதுபோல ஒரு சத்தம். சாக்கின் மேல் வண்டுகள் சாவகாசமாக உலாவிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, நம்மு மூட்டையில வண்டு உழுந்துபோச்சுங்க. திருப்பிக் குடுத்துருங்க. வெயில்ல காயப்போட்டுப் பொடைச்சுக்கறேன்" என்றார்.

"குடுக்க முடியாதுங்க அம்மணி" என்றார் டேவிட்சன். "உசிரோட பூச்சி இருக்கற தானியம் கிடங்கை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு விதி. போனா ஊரெல்லாம் பரவிப் போயிரும்."

"ஊருக்குள்ள இருந்துதானுங்க இதே வந்துச்சு?"

"வந்தப்ப அது உங்க வண்டுங்க. இப்ப வாரியத்து வண்டு."

வண்டை ஒழித்து, பூச்சி இல்லை என்று சான்றிதழ் போட்ட பிறகுதான் விதை வெளியே வரும். ஒழிப்பதற்கு வாரியம் வழி வைத்திருந்தது. மூட்டைகளை அடுக்கி, மேலே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, ஓரமெல்லாம் மணல் அடைத்த நீளப் பைகளை வைத்து அழுத்தி, உள்ளே மாத்திரை வைப்பார்கள். மாத்திரை கரைந்து நச்சு வாயுவாகும். வாயு முழுசாக உள்ளேயே நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் போய்ச் சேரும். அறிவியல் இதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. குறை வைக்கிற பொறுப்பை வாரியம் ஏற்றுக்கொண்டிருந்தது.

கிடங்குச் சுவரில் ஒரு பலகை. முதல் விதி: விரிப்பை ஏழு நாட்கள் திறக்கக் கூடாது. இரண்டாம் விதி: விரிப்பு முறையாக மூடப்பட்டிருக்கிறதா என்பதை மூன்றாம் நாள் மேலதிகாரி ஒருவர் திறந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டையும் ஒரே பெயிண்டர் ஒரே நாளில் எழுதியிருந்தார். எந்த இடத்திலும் அவர் கை நடுங்கிய அடையாளம் இல்லை. லட்சுமியம்மாள் பலகையை இரண்டு தரம் படித்துவிட்டு, தனக்குத்தான் படிப்புப் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

முதல் தடவையாக மூட்டைகளை மூடி மாத்திரை வைத்த மூன்றாம் நாள் மண்டல அலுவலர் வந்தார். வாயுவின் பூண்டு நாற்றம் அவர் மூக்கில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, காலையிலேயே விரிப்பின் நான்கு மூலையையும் தூக்கி, பெரிய காற்றாடி வைத்து வாயுவை முழுசாக வெளியே அனுப்பியிருந்தார்கள். அலுவலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் விரிப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"நன்றாக மூடியிருக்கிறது" என்றார், திறந்திருந்த விரிப்பைப் பார்த்து.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் இளநீர் குடித்து முடிக்கும்வரை விரிப்பு திறந்தே கிடந்தது. பிறகு மறுபடி மூடினார்கள். உள்ளே மிச்சமிருந்த வாயு வண்டுகளுக்கு ஒரு தும்மலை வரவழைக்கக்கூடப் போதாது.

வேலியோரம் நின்று பார்த்த லட்சுமியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க டேவிட்சன், இட்லிச் சட்டியை நடுவால தொறந்து தொறந்து பாத்தா இட்லி எப்புடியுங்க வேகும்?"

"நாயந்தானுங்க. ஆனா இட்லிக்கு மேலதிகாரி இல்லீங்களே."

ஏழாம் நாள் முடிந்து பார்த்தால் பாதி வண்டு செத்திருந்தது. செத்ததெல்லாம் சோப்ளாங்கி வண்டுகள். கொஞ்சம் வாயுவைத் தாங்கக்கூடிய உடம்பு வாய்த்தவை பிழைத்துக்கொண்டன. பிழைத்தவை தங்களுக்குள் சம்பந்தம் செய்துகொண்டன. ஆனி பிறந்தபோது கிடங்கில் இருந்ததெல்லாம் அந்தச் சம்பந்தத்தில் பிறந்த பிள்ளைகள். அப்பன் ஆத்தாளைப் போல அவையும் தாங்கும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கும். வாரியம் வண்டை ஒழிக்கவில்லை. பலவீனமான வண்டைக் கழித்துக்கட்டி, நல்ல சாதி வண்டைப் பொறுக்கி எடுத்து வளர்த்தது. விதைக்குச் செய்ய வேண்டிய காரியத்தை வண்டுக்குச் செய்தது.

இரண்டாம் தடவை பார்வைக்கு இயக்குநர் நரசிம்மலுவே வந்தார். வெளிநாட்டிலிருந்து புது விரிப்பு வந்திருந்தது. அணுவளவு வாயுகூட வெளியே போகாதாம். அதை அவர் மூன்றாம் நாள் பார்வையின்போது திறந்து வைப்பதாக ஏற்பாடு. திறந்து வைப்பது என்றால் ரிப்பன் வேண்டும் அல்லவா? விரிப்பின் குறுக்கே சிவப்பு ரிப்பனை இழுத்து, விரிப்பிலேயே குண்டூசி குத்தி மாட்டியிருந்தார்கள். வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல் வந்தது. அவர் வெட்டினார். ரிப்பனோடு விரிப்பும் ஒரு முழம் கிழிந்தது.

பிறகு டேவிட்சன் ஓடிப்போய், வரவேற்புக்கு வைத்திருந்த பேனரில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவந்து கிழிசலின் மேல் ஒட்டினார். அந்தப் பகுதியில் இயக்குநரின் முகம் இருந்தது. அடுத்த நான்கு நாட்களும் வாயு இயக்குநரின் இடது கன்னத்து வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒட்டின பசை போதவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் பயம். இயக்குநரின் முகத்தில் யார் போய்ப் பசை தடவுவது?

இந்த முறை முக்கால்வாசி வண்டு உயிரோடு இருந்தது.

லட்சுமியம்மாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து வேலியோரம் நின்றார். வானத்தைப் பார்ப்பார், கிடங்கைப் பார்ப்பார். "ஆடி பொறந்துபோச்சுங்க. உழுது போட்டாச்சுங்க. வெதை எப்பங்க தருவீங்க?" என்று கேட்பார். டேவிட்சன் நெஞ்சில் கை வைத்து, மேலே எழுதியிருப்பதாகச் சொல்வார். மேலே எழுதுவது வாரியத்தில் ஒரு வகைப் பிரார்த்தனை. ஒரு தடவை லட்சுமியம்மாள் காளிச்சாமியிடமே கேட்டுப் பார்த்தார். காளிச்சாமி, "எனக்குப் பூட்டத்தான் அதிகாரமுங்க அம்மா, தொறக்கறதுக்கு கோயமுத்தூர்ல இருந்து ஆள் வருமுங்க" என்று கைவிரித்தார்.

மேலே எழுதியதற்குப் பலன் வந்தது. தொழில்நுட்ப அலுவலர் டீனா வந்தார். சின்ன வயசு, படித்த படிப்பு இன்னும் மறக்காதவர். மூட்டையிலிருந்து வண்டுகளைப் பிடித்துக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, அளந்து வாயு விட்டுப் பார்த்தார். சாக வேண்டிய அளவைக் கொடுத்தும் பெரும்பாலானவை எழுந்து நடந்தன. 'பூச்சிகள் மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டன. விரிப்பை ஏழு நாளும் திறக்காமல் வைக்க வேண்டும்' என்று உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினார். பாவம், புதுசு.

அந்த ஒற்றை வார்த்தைக்காகத் தலைமையகத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் லட்சுமியம்மாளையும் அழைத்திருந்தார்கள். குளிர்ந்த அறையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் எழுந்தார்.

"எதிர்ப்பு! இந்த வார்த்தையை இந்தக் கட்டடத்தில் நான் இதுவரை கேட்டதில்லை. என்னை இங்கே யாரும் எதிர்த்ததில்லை. வண்டு எதிர்க்கிறது என்று எழுதினால் நாளைக்கு எல்லோருக்கும் அந்த எண்ணம் வந்துவிடும். மருந்து தன் கடமையைச் செய்துவிட்டது. நாமும் மூன்றாம் நாள் தவறாமல் போய்ப் பார்த்து நம் கடமையைச் செய்துவிட்டோம். வண்டுதான் தன் கடமையைச் செய்யவில்லை. சாக வேண்டியது அதன் பொறுப்பு. ஆகவே, 'எதிர்ப்புத் திறன்' என்பதை அடித்துவிட்டு, 'பூச்சிகளின் தற்காலிக ஒத்துழைப்பின்மை' என்று போடுங்கள்."

போட்டார்கள். தற்காலிகம் என்பதால் நடவடிக்கை ஏதும் தேவையில்லை என்று முடிவானது.

"அப்ப வெதை, சாமி?" என்று லட்சுமியம்மாள் கடைசி நாற்காலியிலிருந்து கேட்டார்.

"உங்கள் விதையை நினைத்துத்தான் அம்மா இந்த வாரியமே தூங்காமல் இருக்கிறது" என்றார் இயக்குநர். காபி வந்தது.

டீனா சோதனைக்கு எடுத்த வண்டுகளை என்ன செய்வது என்ற கேள்வியும் அன்றே தீர்ந்தது. மாதிரிக்காக எடுத்த பொருளைச் சோதனை முடிந்ததும் உரிய மூட்டையில் திருப்பிச் சேர்க்க வேண்டும் என்று வாரியத்தின் விதி இருக்கிறது. தானிய மாதிரியை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடக் கூடாது என்று எழுதிய விதி. செத்த வண்டுகள் குப்பைக்குப் போயின. குடுவையில் வாயுவைக் குடித்துவிட்டும் எழுந்து நடந்த வண்டுகளை, ஒன்றுகூடக் குறையாமல், காளிச்சாமி பக்தியோடு லட்சுமியம்மாளின் மூட்டையில் கொண்டுபோய் விட்டார். டீனாவால் அதைப் பார்க்க முடியவில்லை. "ரூல்ஸ் அப்படிங்க அம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அவரும் வாரியத்துக்குப் பழக ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. வருத்தமாகத்தான் இருந்தது.

ஆவணி நடுவில் மூன்றாம் தடவையாக விரிப்பைப் போர்த்தி மாத்திரை வைத்தார்கள். இந்தத் தடவை முகம் ஒட்டாத பழைய விரிப்பு. மறுநாள் மலையிலிருந்து ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று இறங்கி, கிடங்குக்குப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் தங்கிவிட்டது. நாங்கள் அடிவாரத்துக்காரர்கள், யானை வந்தால் பட்டாசு வெடிப்போம், விளக்கடிப்போம், அது போகும்வரை வழியை மாற்றிக்கொள்வோம். வாரியத்துக்காரர்கள் அப்படியில்லை. மூன்றாம் நாள் பார்வைக்குக் கிளம்பிய மண்டல அலுவலரின் ஜீப் பாதி வழியிலேயே திரும்பியது. தலைமையகத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் முதுகுவலி. டேவிட்சன் கிடங்கைப் பூட்டிவிட்டு வீட்டில் ஜெபம் பண்ணினார். காளிச்சாமி மட்டும் கேட்டுக்கு வெளியே பரண் கட்டி உட்கார்ந்திருந்தார்.

கொம்பன் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் அந்த விரிப்பை எந்த அதிகாரியும் தொடவில்லை. வாரியத்தின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

யானை மலை ஏறிய பிறகு காற்றாடி போட்டு, முறைப்படி வாயுவை வெளியேற்றி, விரிப்பை நீக்கினார்கள். தரையெல்லாம் வண்டு, அத்தனையும் செத்த வண்டு. கொட்டம் அடித்துத் திரிந்த பரம்பரை பூண்டோடு போயிருந்தது. லட்சுமியம்மாள் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி விதையை எடுத்துப் பார்த்தார். ஓட்டை விழுந்தது போக முக்காலுக்கு மேல் நல்ல விதை இருந்தது. ஒரு சோளத்தைக் கடித்தும் பார்த்தார், 'டக்'கென்று உடைந்தது. அவர் முகத்தில் ஆறு மாசமாகக் காணாத சிரிப்பு வந்தது.

"வண்டி கொண்டாந்துருக்கேனுங்க. ஏத்திக்கட்டுங்களா?"

டேவிட்சன் தலையைச் சொறிந்தார். "பூச்சி செத்துபோச்சுங்க அம்மணி, வாஸ்தவம். ஆனா மூணாம் நாள் பார்வை நடக்கலீங்களே. பார்வை நடக்காததுனால மருந்து வெச்சதே செல்லாதுங்க. மருந்து வெச்சது செல்லாதுன்னா பூச்சி செத்ததும் செல்லாது. சான்றிதழ் போட முடியாதுங்க."

"செத்துக் கெடக்குதுங்களே! கண்ணால பாருங்க!"

"கண்ணால நான் பாக்கறேனுங்க. வாரியம் பாக்கோணுமே."

வாரியமும் வந்து பார்த்தது. செத்த வண்டைக் கண்டதும் இயக்குநருக்கு முதலில் ஏற்பட்டது கலக்கம்தான். யாருடைய அனுமதியில் செத்தன என்று கேட்டார். விசாரணை நடந்தது. மருந்து அதே மருந்து, விரிப்பு அதே பழைய விரிப்பு, ஆட்கள் அதே ஆட்கள். புதிதாக நடந்தது என்ன? "தொறக்காம உட்டதுதானுங்க" என்றார் லட்சுமியம்மாள். அது எதிர்மறையான செய்தி, நடக்காத ஒன்றைக் காரணமாகக் காட்ட முடியாது என்று அதை ஒதுக்கினார்கள். மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"யானை!" என்றார் இயக்குநர். குரலில் பரவசம். "நண்பர்களே, கவனித்தீர்களா? யானை பக்கத்தில் நின்றது. வண்டுகள் ஒத்துழைத்துவிட்டன! யானையின் காலடி அதிர்வு, அதன் மூச்சு, அதன் இருப்பு. ஏதோ ஒன்று. என்ன என்பதை அறிவியல் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளும். அறிவியலுக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே செய்துகாட்ட வேண்டும்!"

டீனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இயக்குநர் அவரைப் பார்த்தார். டீனா வாயை மூடிக்கொண்டு, திட்டத்துக்குப் பெயர் எழுதித் தந்தார்: 'பேருயிர் வழிப் பூச்சி மேலாண்மை'.

செய்துகாட்டுவதற்கு ஒரு சிக்கல் வந்தது. மூட்டையில் வண்டே இல்லை. வண்டு இல்லாத இடத்தில் வண்டு ஒழிப்பை எப்படிச் செய்துகாட்டுவது? அன்னூர்க் கிளைக் கிடங்கிலிருந்து வேனில் வண்டு வந்தது. அன்னூரில் வாரியம் இன்னும் அதிக வருஷம் சேவை செய்திருந்ததால் அந்த வண்டுகள் இன்னும் உறுதியானவை. அவற்றை லட்சுமியம்மாளின் இரண்டு மூட்டையிலும் கொட்டினார்கள். சான்றிதழ் பெறாத மூட்டை என்பதால் சோதனைக்கு அதுதான் தகுதியானது. தகவல் கேள்விப்பட்டு அவர் ஓடி வந்தபோது காளிச்சாமி மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். என் கோபத்தை இதுவரை அடக்கிக்கொண்டுதான் வந்தேன். இந்த இடத்தில் மட்டும் சொல்லிவிடுகிறேன்: நாசமாய்ப் போகட்டும்.

காட்டு யானை கூப்பிட்டால் வராது. பாலக்காட்டிலிருந்து கோயில் உற்சவத்துக்கு வாடகைக்கு வருகிற யானையைப் பேசினார்கள். பெயர் கோவிந்தன்குட்டி. புரட்டாசி முதல் வாரத்தில், மேகம் மலைமேல் கறுத்து நின்ற ஒரு நாளில், அது லாரியில் வாளையாறு எல்லையைத் தாண்டி வந்து இறங்கியது. பந்தல், நாற்காலிகள், மைக். யானைக்குப் பொன்னாடை போர்த்த முடியாததால் பாகனுக்குப் போர்த்தினார்கள். யானையின் இருப்பு தடையில்லாமல் வண்டைச் சென்றடைய வேண்டும் என்பதற்காக விரிப்பை விலக்கி, லட்சுமியம்மாளின் இரண்டு மூட்டையையும் முன்னால் இழுத்து வைத்து வாயைப் பிரித்து வைத்தார்கள்.

"ஏனுங்க" என்று லட்சுமியம்மாள் பந்தலுக்குள் நுழைந்தார். "ஆனைங்க அது. அதும் முன்னால சோளத்தை வெக்கறீங்களேங்க. பெரிய படிப்புப் படிச்சவிங்கதானுங்களே நீங்கெல்லாம்?"

"பயப்படாதீர்கள் அம்மா" என்றார் இயக்குநர் மைக்கில். "யானைக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது."

கோவிந்தன்குட்டி வழியெல்லாம் காய்ந்த பனையோலை தின்று வந்திருந்தது. பிரித்து வைத்த மூட்டையை ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லாதபடி தும்பிக்கையை உள்ளே விட்டது. பாகன் மலையாளத்தில் கத்தினான், அங்குசத்தைக் காட்டினான். முன்வரிசை நாற்காலிகள் காலியாயின. அது நிதானமாகத் தின்றது. அன்னூர் வண்டு, நல்ல விதை, ஓட்டை விதை என்று பாரபட்சம் பார்க்கவில்லை. முதல் மூட்டை முடிந்ததும் இரண்டாவதற்கு வந்தது. கடைசியில் சாக்கைத் தூக்கி உதறிப் பார்த்துவிட்டு வைத்தது.

லட்சுமியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாக வண்டியேறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஆபத்து நீங்கியதும் இயக்குநர் பந்தலுக்குப் பின்னாலிருந்து வந்தார். டீனாவை அழைத்து, மூட்டைகளைச் சோதிக்கச் சொன்னார். டீனா இரண்டு சாக்கையும் உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார்.

"பூச்சி இருக்கிறதா?"

"இல்லை சார்."

"ஒன்றுகூட?"

"ஒன்றுகூட இல்லை சார்."

இயக்குநர் மைக்கைக் கையில் எடுத்தார். "இரண்டு மூட்டை. பூச்சி: இல்லை. இதுதான் இந்த வாரியத்தின் வெற்றி! பூச்சியில்லாத மூட்டைக்கான சான்றிதழை இந்த மேடையிலேயே அம்மா அவர்களுக்கு வழங்குகிறேன்." வழங்கினார். கூடவே இரண்டு காலிச் சாக்கையும் மடித்துக் கொடுத்தார்கள். இனி அவை தடையில்லாமல் கிடங்கை விட்டு வெளியே போகலாம்.

மேல்நடவடிக்கைகளுக்காகக் கோவிந்தன்குட்டியைக் கிடங்கு வளாகத்திலேயே கட்டி வைத்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மலைப்பக்கம் நல்ல மழை. லட்சுமியம்மாள் ஒரு கூடையோடு வந்து, யானைக்குப் பின்னால், சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். யானை தின்பதில் பாதிதான் செரிக்கும், பாதி தின்றபடியே வெளியே வந்துவிடும் என்பது அடிவாரத்துக்காரர்களுக்குத் தெரியும். யானை போன தடத்தில் எத்தனையோ செடி முளைத்து நாங்கள் பார்த்திருக்கிறோம். கோவிந்தன்குட்டி அவரைக் கைவிடவில்லை. பச்சையாய் உருண்டையாய் விழுந்த சாணியை அவர் குச்சியால் கிளறினார். உள்ளே இருங்குச் சோளம் கறுப்புக் கறுப்பாக, முழுசு முழுசாகக் கிடந்தது. எல்லாம் இல்லை, ஆனால் கொஞ்சம் நிலத்துக்குப் போதும். ஒரு மாட்டையாவது நிறுத்திக்கொள்ளலாம். அவர் கண் கலங்கியது. கூடையை இழுத்து வைத்து அள்ளத் தொடங்கினார்.

கிடங்கிலிருந்து டேவிட்சன் குடையோடு ஓடி வந்தார்.

"அம்மணி, தொடாதீங்க! தொடாதீங்க! அது சாம்பிளுங்க!"

"எதுங்க?"

"சாணிங்க. உள்ள அன்னூர் வண்டு இருக்குதா இல்லையான்னு சோதிக்கோணும். வாரியத்துச் சொத்துங்க அது. விரிப்பு போட்டு மூடி வெக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு வந்துருச்சுங்க. மூணாம் நாள் இயக்குநர் வந்து பார்வையிடுவாருங்க."

லட்சுமியம்மாள் எழுந்து நின்றார். கூடை பாதி நிறைந்திருந்தது. அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். டேவிட்சனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தக் கூடை எனக்குங்க. மிச்சம் அங்க கெடக்குதுங்க, அதைய நீங்க வெச்சுக்கோங்க. உங்க இயக்குநரு வந்தாருன்னா அவருகிட்டவும் சொல்லியுடுங்க. நல்லாப் பத்தரமா மூடி வெக்கச் சொல்லுங்க, பொன்னாடை போத்தி மாலையுஞ் சேத்திப் போடச் சொல்லுங்க, இளநீ குடிச்சுப்போட்டுச் சாவகாசமாப் பாக்கச் சொல்லுங்க. ஏழு நாளைக்குத் தொறந்து மட்டும் பாத்துறாதீங்க."

டேவிட்சன் குடையோடு ஓரடி தள்ளி நின்றார். லட்சுமியம்மாள் தூறலில் நனைந்துகொண்டே கேட்டைத் தாண்டிப் போனார். காளிச்சாமி கேட்டைப் பூட்டவில்லை.

அடுத்த வாரம் அவர் நிலத்தில் சோளம் முளைத்தது. அதே வாரம் கிடங்கு வளாகத்தில், விரிப்புக்குள் இருந்த சாணியை இயக்குநர் மூன்றாம் நாளே திறந்து பார்த்தார்.